பழுதையும் சேர்த்து விலை பேசுங்கள்

மாடு வாங்கப் போகிறவர் என்ன செய்வார் என்று நம் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள். தோட்டத்தில் வீட்டுக்கு வீடு மாடு இருந்த காலத்தில், பக்கத்துத் தோட்டத்துக்கு நடந்தே போய், மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள். சுழி பார்ப்பார்கள். மடியைத் தொட்டுப் பார்ப்பார்கள். நாலடி நடக்கவிட்டுப் பார்ப்பார்கள். "கறந்து காட்டு, பார்ப்போம்" என்பார்கள். அதற்கப்புறம்தான் விலைப் பேச்சே வாயில் வரும்.

அதே குடும்பத்துப் பேரப்பிள்ளை இன்று பட்டணத்து ஓரத்தில் இருக்கும் பழைய காடிக் கடைக்குப் போகிறான். பெயிண்ட் பளபளவென்று இருக்கிறதா என்று பார்க்கிறான். ரேடியோவைப் போட்டுப் பார்க்கிறான். "சீட் கவர் புதுசு, ஏர்கோன் ஜில்லுனு இருக்கு" என்று மகிழ்ந்து போய், அன்றைக்கே முன்பணம் கட்டிவிட்டு வருகிறான். மூன்றாம் மாதம் காடி லயத்துக்குப் பின்னால் செங்கல் மேலே நிற்கிறது. தவணை மட்டும் தலை மேலே ஓடுகிறது.

இது ஒரு தோட்டத்துக் கதையல்ல. எந்தத் தோட்டத்துக்குள் நுழைந்தாலும் புல் முளைத்த காடி ஒன்றாவது கண்ணில் படும். காடி வாங்காதீர்கள் என்று நாம் சொல்ல வரவில்லை. பஸ் வராத தோட்டத்தில், நடுராத்திரியில் பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் ஆஸ்பத்திரிக்குப் போக வேறு வழி ஏது? காடி இன்று ஆடம்பரம் அல்ல. ஆனால் அதன் விலையைப் பேசும்போது, அதற்குள் இருக்கும் பழுதின் விலையையும் சேர்த்துப் பேச வேண்டும். அதை எப்படிச் செய்வது என்பதுதான் இந்த வாரச் சங்கதி.

நம் வருமானத்தை முதலில் எண்ணிப் பார்ப்போம். 2025 பிப்ரவரி முதல் நடப்புக்கு வந்த குறைந்தபட்சச் சம்பளம் மாதம் 1,700 வெள்ளி. அதில் ஊழியர் சேமநிதிக்கு 187 வெள்ளி போனால், கைக்கு வருவது சுமார் 1,500 வெள்ளி. பழைய காடியில் நாலைந்து சாமான் மாற்றினாலே அந்த ஒரு மாதச் சம்பளம் காலி. ஆகவே பழுதைப் பற்றி வாங்குவதற்கு முன் பேசினால் அது விற்பவரின் செலவு. வாங்கிய பின் பேசினால் அது நம் செலவு.

நல்ல காடி என்ன விலை?

விலை பேசப் போகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. அதே ரகம், அதே வருடம், அதே எஞ்சின், ஆனால் பழுதில்லாத காடி வெளியே என்ன விலைக்குப் போகிறது? நாலு கடை ஏறி இறங்கிக் கேளுங்கள். அண்மையில் வாங்கிய உறவுக்காரரைக் கேளுங்கள். பிள்ளைகளிடம் சொன்னால் கைத்தொலைபேசியில் ஐந்து நிமிடத்தில் பத்து விலை காட்டுவார்கள்.

இந்த விலை தெரியாமல் பேரத்தில் இறங்கினால் இரண்டு விதத்தில் தவறு நேரும். நல்ல காடியின் விலையே 11,500 வெள்ளி என்றிருக்க, விற்பவர் 13,000 என்று ஏற்றிச் சொல்லி, பிறகு "பழுதுக்காக" 1,500 குறைத்தால், நமக்கு உண்மையில் ஒரு காசும் குறையவில்லை. மாறாக, விற்பவர் நேர்மையான மனிதர். பழுது இருப்பதைச் சொல்லியே 10,000 வெள்ளி கேட்கிறார் என்று வையுங்கள். அதற்குமேலும் அதே பழுதைக் காட்டி 1,500 குறைக்கச் சொன்னால், ஒரே பழுதுக்கு இரண்டு தடவை கழிக்கிறோம். அவர் வேறு ஆளுக்கு விற்றுவிடுவார். நல்ல காடி கைநழுவிப் போகும். எனவே கழித்தலை நல்ல காடியின் விலையிலிருந்துதான் தொடங்க வேண்டும்.

சாமான் விலையும் ரகத்துக்கு ரகம் மாறும். 1985 ஜூலையில் புரோட்டோன் சாகாவும், 1994-இல் பெரோடுவா கஞ்சிலும், 2005-இல் மைவியும் வந்த பிறகுதான் நம் தோட்டங்களில் காடி பெருகியது. இந்த உள்நாட்டுக் காடிகளுக்குச் சாமான் எந்தச் சின்னப் பட்டணத்திலும் கிடைக்கும்; விலையும் தாங்கும். ஆனால் சிலர், "அதே காசுக்குப் பெரிய வெளிநாட்டுக் காடி கிடைக்குதே" என்று ஆசைப்படுகிறார்கள். பத்தாயிரத்துக்கு வந்துவிட்டது என்பதற்காக அதன் சாமான் விலையும் இறங்கிவிடாது. ஒன்றரை லட்சத்துக்கு விற்ற காடியின் சாமான் அந்தக் கணக்கில்தான் விற்கும். சாலை வரியும் அப்படியே. தீபகற்பத்தில் 1,000 சி.சி. வரையுள்ள சொந்தக் காடிக்கு ஆண்டுக்கு 20 வெள்ளி, 1,300 சி.சி. காடிக்கு 70 வெள்ளி, 2,000 சி.சி. காடிக்கு 380 வெள்ளி. குதிரை மலிவு என்று வாங்கினால் கொள்ளு யார் வாங்குவது?

போமனைக் கூட்டிப் போங்கள்

காடியைப் பார்க்க நம் பக்கத்து ஆள் ஒருவர் வேண்டும். நமக்குத் தெரிந்த பட்டறைப் போமனுக்குக் கூலி கொடுத்தே கூட்டிப் போங்கள். "சும்மா வந்து பாருங்கண்ணே" என்று இழுத்துப் போனால் அவரும் சும்மாதான் பார்ப்பார். விற்பவர், "நம்ம போமன் இருக்காரு, அவரே பார்த்துச் சொல்வாரு" என்றால் மரியாதையாக மறுத்துவிடுங்கள். யார் கூலி கொடுக்கிறாரோ அவருக்காகத்தான் கண் பார்க்கும்.

வெயில் நேரத்தில் போங்கள். மழையில் நனைந்த காடியில் கீறலும் தெரியாது, பெயிண்ட் அடித்த ஒட்டும் தெரியாது. போனவுடன் முன்மூடியைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், நீங்கள் வருவதற்கு முன்பே எஞ்சினை ஓடவிட்டுச் சூடேற்றி வைத்திருக்கிறார்கள். எஞ்சினின் உண்மைக் குணம் குளிர்ந்த நிலையில் முதல் தடவை முடுக்கும்போதுதான் தெரியும். "ஆறட்டும், டீ குடிச்சிட்டு வர்றோம்" என்று சொல்லிக் காத்திருங்கள். அவசரம் இல்லாத ஆள் என்பது விற்பவருக்கும் புரியும்.

பார்க்க வேண்டிய இடங்கள்

எஞ்சின்: எண்ணெய் ஊற்றும் மூடியைத் திறந்து உள்பக்கம் பாருங்கள். பால் கலந்த காப்பிபோல் படிந்திருந்தால் எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கலாம். ஹெட் கேஸ்கெட் போயிருக்கிறதா என்று போமன் கட்டாயம் பார்த்துச் சொல்ல வேண்டும். எஞ்சின் ஆறியிருக்கும்போது மட்டும் ரேடியேட்டர் மூடியைத் திறந்து பாருங்கள். துருத் தண்ணீர் இருந்தால் பராமரிப்பு இல்லை. பின்குழாயில் நீலப்புகை வந்தால் எண்ணெய் எரிகிறது. வெள்ளைப்புகை விடாமல் வந்தால் தண்ணீர் உள்ளே போகிறது. கரும்புகை என்றால் பெட்ரோல் அளவுக்கு மீறி எரிகிறது.

டைமிங் பெல்ட்: சில எஞ்சின்களில் ரப்பர் பெல்ட், சிலவற்றில் சங்கிலி. முதல் மைவியில் சங்கிலி. கேம்புரோ எஞ்சின் போட்ட சாகாவில் பெல்ட். பெல்ட் உள்ள காடியானால், எப்போது மாற்றினார்கள் என்பதற்கு ரசீது கேளுங்கள். ரசீது இல்லாவிட்டால் மாற்றவில்லை என்றே கணக்கில் வையுங்கள். ஓடும்போது அது அறுந்தால் எஞ்சினே உடையலாம்.

கியர் பெட்டி: ஆட்டோ கியராக இருந்தால், பிரேக்கை மிதித்துக்கொண்டு முன்னும் பின்னும் மாற்றிப் பாருங்கள். 'டக்'கென்று உதைத்தாலும், கியர் விழ நேரம் எடுத்தாலும் பெரிய செலவு காத்திருக்கிறது. கியர் எண்ணெய் கறுத்துத் தீய்ந்த வாடை அடித்தாலும் அதே கதைதான்.

கீழ்ப்பகுதி: நம் ஆட்கள் அதிகம் கவனிக்காத இடம் இதுதான். தோட்டத்துச் செம்மண் ரோட்டில், குழியிலும் மேட்டிலும் ஓடப்போகும் காடி இது. அப்சோபர், லோவர் ஆர்ம், டை ரோட், எஞ்சின் மவுண்டிங் எல்லாம் அங்கேதான் அடிவாங்கும். ஸ்டேரிங்கை முழுக்கத் திருப்பி மெதுவாக ஓட்டும்போது 'டொக் டொக்' என்று சத்தம் வந்தால் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாப்டில் கோளாறு. காடியைத் தூக்கி அடித்தகடு துருப்பிடித்திருக்கிறதா என்றும் பாருங்கள். பட்டறையில் தூக்க விற்பவர் சம்மதிக்காவிட்டால் அதுவே ஒரு பதில்தான்.

டயர்: பூ இருக்கிறது என்று ஏமாறாதீர்கள். பக்கவாட்டில் நாலு எண் இருக்கும். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டு 23-ஆம் வாரம் செய்த டயர். ஓடாமல் நின்ற டயரும் வயதாகி வெடிக்கும்.

விளக்குகள்: சாவியைத் திருப்பியவுடன் எஞ்சின் விளக்கும் காற்றுப்பை விளக்கும் எரிந்து பிறகு அணைய வேண்டும். அணையாவிட்டால் பழுது. எரியவே இல்லையென்றால், பழுதை மறைக்க யாராவது பல்பைக் கழற்றியிருக்கலாம். இன்னொன்று: தக்காத்தா நிறுவனத்தின் காற்றுப்பை பொருத்திய சில பழைய ஜப்பானியக் காடிகளை, உயிருக்கு ஆபத்து என்பதால் தயாரிப்பாளர்கள் திரும்ப அழைத்து, அந்த உறுப்பைக் காசு வாங்காமல் மாற்றிக் கொடுக்கிறார்கள். காடியின் சாசி எண்ணைக் கொண்டு அந்த நிறுவனத்தில் விசாரித்தால் தெரியும். காசில்லாத பழுதுபார்ப்பு, கேட்டு வைப்பதில் நட்டமில்லை.

வெள்ளத்தில் மூழ்கிய காடி: 2021 டிசம்பரில் ஷா ஆலம் ஸ்ரீ மூடாவில் வெள்ளம் வந்தபோது காடிகள் கூரை வரை மூழ்கியதைப் படங்களில் பார்த்தோம். அப்படிப்பட்ட காடிகள் துடைத்து மினுக்கி விற்பனைக்கு வருவதும் உண்டு. சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுத்துப் பாருங்கள். சேற்றுக் கறை அங்கே மிஞ்சியிருக்கும். தரைவிரிப்பைத் தூக்கிப் பாருங்கள். சீட்டுக்கு அடியில் உள்ள இரும்புத் தண்டு துருப்பிடித்திருக்கிறதா? வாசனைத் தைலம் அளவுக்கு மீறி அடித்திருக்கிறார்களா? சந்தேகம் வந்தால் நகர்ந்துவிடுங்கள்.

கடைசியாக, ரேடியோவை நிறுத்தி, கண்ணாடியை ஏற்றி, குறைந்தது இருபது நிமிடமாவது ஓட்டிப் பாருங்கள். மேடும் குழியும் உள்ள ரோட்டில் ஓட்டுங்கள். கடைக்கு முன்னால் உள்ள தார் ரோட்டில் எந்தக் காடியும் பஞ்சு மாதிரிதான் போகும்.

பழுதை மூன்று கூறாகப் பிரியுங்கள்

பார்த்ததை எல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு போமனிடம் ஒவ்வொன்றுக்கும் சாமான் விலையும் கூலியும் கேட்டுப் பக்கத்தில் குறியுங்கள். வாயால், "பழுது நிறைய இருக்கு, குறைங்க" என்றால் விற்பவர் சிரிப்பார். தாளைக் காட்டினால் சிரிப்பு நிற்கும்.

முதல் கூறு, உயிர்ப் பழுது. பிரேக், டயர், ஸ்டேரிங், சக்கரத்தைப் பிடித்திருக்கும் பாகங்கள். இவற்றைச் செய்யாமல் காடியை ரோட்டில் இறக்கக்கூடாது. இந்தச் செலவை முழுக்க விலையில் கழிக்கக் கேட்க வேண்டும்.

இரண்டாம் கூறு, தேய்மானப் பழுது. இன்றைக்கு ஓடும், இன்னும் சில மாதத்தில் மாற்றியே ஆக வேண்டும். அப்சோபர், மவுண்டிங், பேட்டரி போன்றவை. பழைய காடியில் இவை பாதி தேய்ந்திருப்பது இயல்பு. புதிதாக மாற்றினால் அதன் பலனும் நமக்குத்தான். ஆகவே பாதியைக் கேட்பது நியாயம்.

மூன்றாம் கூறு, வயசுப் பழுது. கதவில் கீறல், மங்கிய பெயிண்ட், கிழிந்த சீட், பாடாத ரேடியோ. பத்து பதினைந்து வருடக் காடியில் இது இருக்கத்தான் செய்யும். இதற்காக வாதாடி நேரத்தை வீணாக்காதீர்கள். கீறலுக்காகச் சண்டை போடுகிறவர் டயரைப் பற்றிப் பேசும்போது அந்தப் பேச்சுக்கு மதிப்பு இருக்காது.

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டுக்கு, பழைய மைவி 1,300 சி.சி. ஒன்று. நல்ல நிலையில் 11,500 வெள்ளி போகும் என்று வைத்துக்கொள்வோம். விற்பவரும் அதையே கேட்கிறார். கீழே உள்ள விலைகள் கணக்கு விளங்குவதற்காக மட்டும். பட்டறைக்குப் பட்டறை மாறும்.

உயிர்ப் பழுது: நாலு டயர் 640 வெள்ளி. முன் பிரேக் வேலை 180 வெள்ளி. லோவர் ஆர்ம், டை ரோட் 350 வெள்ளி. மொத்தம் 1,170 வெள்ளி.

தேய்மானப் பழுது: முன் அப்சோபர் இரண்டு 360 வெள்ளி. எஞ்சின் மவுண்டிங் 220 வெள்ளி. பேட்டரி 200 வெள்ளி. மொத்தம் 780 வெள்ளி. அதில் பாதி 390 வெள்ளி.

இரண்டையும் சேர்த்தால் 1,560 வெள்ளி. 11,500-இல் இதைக் கழித்தால் 9,940 வெள்ளி. இதுதான் இந்தக் காடிக்கு நியாயமான விலை. பேச்சை 9,500-இல் தொடங்கலாம். 10,000-க்கு மேல் போகக்கூடாது என்று வீட்டிலேயே முடிவு செய்துகொண்டு போங்கள். புருஷன் பெஞ்சாதி இருவரும் சேர்ந்து அந்தத் தொகையை முடிவு செய்தால் இன்னும் நல்லது. கடையில் ஒருவர் சொக்கிப் போனாலும் மற்றவர் கையைப் பிடித்து இழுக்கலாம்.

மறந்துவிடாதீர்கள்: எல்லா வேலையும் செய்து முடிக்க 1,950 வெள்ளி வேண்டும். அதற்குமேல் உங்கள் பெயரில் புது இன்சூரன்ஸ் எடுக்க வேண்டும். "ரோட் டேக்ஸ் இன்னும் எட்டு மாசம் இருக்கு" என்று சொல்வார்கள். விற்பவர் பெயரில் உள்ள இன்சூரன்ஸ் உங்களுக்கு உதவாது. போமன் கண்ணுக்கும் தப்பும் பழுது உண்டு. அதற்காகவும் ஆயிரம் வெள்ளியாவது தனியே எடுத்து வையுங்கள். கையில் உள்ள மொத்தப் பணத்தையும் காடிக்கே கொடுத்துவிட்டால், முதல் பழுதிலேயே வட்டிக்காரன் வாசலில் நிற்க நேரும்.

விலையைக் குறைப்பதா, செய்து தரச் சொல்வதா?

இங்கேதான் நம் மக்களில் பலர் ஏமாறுகிறார்கள். ரொக்கம் கொடுத்து வாங்குகிறவருக்கும் கடனில் வாங்குகிறவருக்கும் ஒரே வழி சரிவராது.

ரொக்கத்தில் வாங்கினால் விலையைக் குறைக்கச் சொல்லுங்கள். மிஞ்சும் பணம் உங்கள் கையில் இருக்கும். நம்பிக்கையான பட்டறையில் நல்ல சாமான் போட்டுக்கொள்ளலாம். விற்பவரைச் செய்து தரச் சொன்னால், கிடைப்பதில் மலிவான சாமானைத்தான் போடுவார்.

கடனில் வாங்கினால் கதை வேறு. விலையில் 1,500 வெள்ளி குறைத்தாலும், ஐந்தாண்டுக் கடனில் மாதத் தவணை சுமார் 30 வெள்ளிதான் இறங்கும். ஆனால் டயர் கடைக்காரரும் பட்டறைக்காரரும் அன்றைக்கே பணம் கேட்பார்கள். கையில் ரொக்கம் இல்லை. விலை குறைந்த காடியோ பிரேக் இல்லாமல் நிற்கும். ஆகவே, கடனில் வாங்குகிறவர் உயிர்ப் பழுதுகளை விற்பவரே செய்து கொடுத்த பின்தான் சாவியை வாங்க வேண்டும். எந்தச் சாமான், புதிதா பழையதா என்பதையும் எழுதி வாங்க வேண்டும். வேலை முடிந்ததும் மறுபடியும் நம் போமன் பார்க்க வேண்டும். தேய்மானப் பழுதுக்கு மட்டும் விலைக் குறைப்புக் கேளுங்கள்.

பேச்சு இப்படி இருக்கட்டும்

விற்பவர் சொல்வதற்கெல்லாம் பதில் தயாராக இருக்க வேண்டும்.

"இன்னொருத்தர் இன்னிக்குச் சாயங்காலம் பணத்தோட வர்றாரு, தம்பி" என்பார். "சரிங்கண்ணே, அவருக்கே கொடுங்க. அவர் வரலேன்னா எனக்குப் போன் போடுங்க" என்று சொல்லி எழுந்திருங்கள்.

"இதெல்லாம் சின்னப் பழுது. ஐம்பது வெள்ளியில முடிஞ்சிரும்" என்பார். "அப்படின்னா நீங்களே முடிச்சிக் கொடுங்க தவுக்கே, நான் கேட்ட விலையே தர்றேன்" என்று சொல்லுங்கள். ஐம்பது வெள்ளி வேலையா, ஐந்நூறு வெள்ளி வேலையா என்பது அவர் முகத்தில் தெரிந்துவிடும்.

"புஸ்பாகோம் பாஸ் பண்ண காடி இது" என்பார். பெயர் மாற்றத்துக்கு பி-5 சோதனை, தவணைக் கடனுக்கு பி-7 சோதனை என்று உண்டு. எஞ்சின் எண், சாசி எண் சரியாக இருக்கிறதா என்று பார்ப்பது அந்தச் சோதனையின் முக்கிய வேலை. அது அவசியம்தான். ஆனால் அந்தத் தாள் கியர் பெட்டி இன்னும் எத்தனை மாதம் ஓடும் என்று சொல்லாது. "அது சரிங்க, என் தாளையும் கொஞ்சம் பாருங்க" என்று பழுதுப் பட்டியலை நீட்டுங்கள்.

காடியை மட்டமாகப் பேசி விற்பவர் மனதை நோகடிக்க வேண்டியதில்லை. தனியாள் விற்கும் காடியாக இருந்தால், அவரும் நம்மைப் போல உழைத்து வாங்கியவர்தான். தொகையைச் சொல்லுங்கள், காரணத்தைச் சொல்லுங்கள், பிறகு வாயை மூடிக்கொண்டு இருங்கள். பேரத்தில் பாதி வெற்றி பொறுமையில்தான்.

எழுதி வாங்குங்கள்

சோதித்துப் பார்ப்பதற்கு முன் முன்பணம் கட்டாதீர்கள். கட்டித்தான் ஆக வேண்டுமென்றால், "போமன் பார்த்து உயிர்ப் பழுது இருந்தாலோ, கடன் கிடைக்காவிட்டாலோ பணம் முழுதும் திருப்பித் தரப்படும்" என்று ரசீதில் எழுதிக் கையெழுத்தும் கடை முத்திரையும் வாங்குங்கள். கிராண்டில் பேங்க் பெயர் இருக்கிறதா, கட்டாத சம்மன் இருக்கிறதா என்று பாருங்கள். அவையும் ஒருவகைப் பழுதுதான். அவற்றை விற்பவர் தீர்த்துவைக்க வேண்டும். பெயர் மாற்றம் ஜே.பி.ஜே.யில் முறையாக நடக்கட்டும். "அப்புறம் மாத்திக்கலாம்" என்ற பேச்சுக்கு இடம் கொடுக்காதீர்கள்.

கடையில் வாங்கிய காடியில் சொன்னது ஒன்று, கிடைத்தது ஒன்று என்றால், 1999-ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டம் நமக்கு உண்டு. பயனீட்டாளர் நடுவர் மன்றத்தில் 5 வெள்ளி கட்டி 50,000 வெள்ளி வரை கோரலாம். மூன்று ஆண்டுக்குள் கோர வேண்டும். வழக்கறிஞர் தேவையில்லை. ஆனால் இது வியாபாரிகள்மீது மட்டும்தான்; தனியாளிடம் வாங்கிய காடிக்கு இந்த மன்றம் உதவாது. இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். வாங்குவதற்கு முன்பே விற்பவர் குறிப்பிட்டுக் காட்டிய பழுதை மட்டும் வைத்து, காடி தரமில்லை என்று பிறகு வாதாட முடியாது. "டயர் தேய்ந்திருக்கு, அதான் விலை குறைச்சிட்டேனே" என்று அவர் சொன்னால் நியாயம் அவர் பக்கம். ஆகவே காட்டிய பழுதுக்குரிய முழு விலையையும் பேரத்திலேயே பெற்றுவிட வேண்டும்.

எழுந்து வர வேண்டிய இடம்

சில பழுதுகளுக்கு விலையே பேசக்கூடாது. இரண்டு காடியை வெட்டி ஒட்டிய காடி, வெள்ளத்தில் மூழ்கிய காடி, சாசி எண் அழிந்த காடி, எஞ்சின் எண்ணெயில் தண்ணீர் கலந்த காடி, அடித்தகடு துருப்பிடித்து ஓட்டையான காடி. இவற்றை எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். "பாதி விலைக்கு வந்திருச்சு" என்று வாங்கியவர்கள்தான் இரட்டிப்பு விலை கொடுத்திருக்கிறார்கள்.

போமன் கூலியும், போய்வந்த செலவும், ஒரு நாள் வேலையும் போய், வெறுங்கையோடு திரும்பி வந்தால் வீட்டில், "இதுக்கா போனீங்க?" என்று கேட்பார்கள். ஆமாம், இதற்குத்தான் போனோம் என்று தைரியமாகச் சொல்லுங்கள். அந்தக் கூலி ஒரு நாளோடு போகும். கெட்ட காடியின் தவணை ஐந்து வருடம் கூடவே வரும்.

தோழர்களே, தாய்மார்களே! பால் வெட்டியும் குலை அறுத்தும் சேர்த்த பணம் அது. அடுத்த முறை காடி பார்க்கப் போகும்போது சட்டைப் பையில் ஒரு தாளும் பேனாவும் இருக்கட்டும். பக்கத்தில் நம் போமன் இருக்கட்டும். மனதில் வீட்டில் முடிவு செய்த அந்த ஒரு தொகை இருக்கட்டும். இந்த மூன்றும் இருந்தால், லயத்து வாசலில் நிற்கும் காடி மழை ராத்திரியிலும் சாவியைத் திருப்பியவுடன் புறப்படும்.